அரசரின் வரைபடமும் அந்நியரின் கோடும்

கடந்த 2025 ஜூலை 24-ஆம் நாள் காலை, தாய்லாந்து – கம்போடிய எல்லையில் உள்ள தா முவென் தோம் என்னும் பழைய சிவன் கோயிலருகே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஐந்து நாள்கள் நீடித்த அந்தச் சண்டையில் பீரங்கிகளும் ஏவுகணைகளும் எஃப்-16 போர் விமானங்களும் பயன்பட்டன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். மலேசியாவின் முயற்சியால் ஜூலை 28-இல் போர்நிறுத்தம் வந்தது. அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் முன்னிலையில் கூட்டறிக்கை கையெழுத்தானது. டிசம்பர் 8-இல் மீண்டும் போர் மூண்டது. டிசம்பர் 27-இல் மற்றொரு போர்நிறுத்தம்.

இந்தச் செய்திகளை நாள்தோறும் படித்துவந்தபோது என் மனம் போரின் காரணங்களாகச் சொல்லப்பட்ட கண்ணிவெடி, கசிந்த தொலைபேசி உரையாடல், பதவியிழந்த பிரதமர் ஆகியவற்றில் நிலைகொள்ளவில்லை. அவையெல்லாம் உண்மையே. ஆனால், அவற்றுக்கு அடியில் கிடப்பவை வரைபடங்கள். கம்போடியா 1907-இல் பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த படத்தைக் காட்டுகிறது. தாய்லாந்து பிற்காலத்தில் தான் தயாரித்த படத்தைக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் முற்பட்ட மூன்றாவது படம் ஒன்று உண்டு. சயாம் மன்னரின் அரசவை நிலவரைஞர் வரைந்த அந்தப் படத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. இன்றைய சண்டையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த நிலவரைஞரின் பெயர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ராய் மெக்கார்த்தி. அவர் பாங்காக் வந்துசேர்ந்த கதையின் முதல் நூல் நம் பரங்கிமலையில் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய முக்கோண அளவை, இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பரவி, பர்மாவுக்குள் நுழைந்து, 1880-இல் சயாமின் வாசலைத் தட்டியது. இந்திய நில அளவைத் துறையின் குழு ஒன்று பாங்காக்கின் பொன்மலைக் கோயில் மீதும், நகோன் பதோம் பெருந்தாது கோபுரத்தின் மீதும் அளவைப் புள்ளி அமைக்க அனுமதி கேட்டது. அரசவை அஞ்சியது. அளவுக்கோல் வந்த இடத்துக்குப் பின்னாலேயே ஆட்சியும் வரும் என்பதை அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்து அவர்கள் அறிந்திருந்தார்கள். மன்னர் சுலாலங்கோர்னின் ஆலோசகராக இருந்த ஹென்றி அலபாஸ்டர் வேறு யோசனை சொன்னார்: மறுப்பதைவிட, அந்த வித்தையைக் கற்றுக்கொள்வது நல்லது. அந்தக் குழுவில் வந்திருந்த மெக்கார்த்தியையே 1881-இல் மன்னர் தம் பணியில் அமர்த்திக்கொண்டார். 1885-இல் அரச நில அளவைத் துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

மன்னர் அவருக்கு அளித்த பட்டம் 'பிரா விபாக் புவதோன்'. தாய் மொழியின் ஒலிப்பைச் சற்றே விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பவை நமக்குத் தெரிந்த வடசொற்கள்தாம்: விபாகம், புவதலம். புவியின் பரப்பைப் பகுப்பவர் என்று பொருள். நில அளவையாளருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் எந்த அரசவையிலும் சூட்டப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை. பகுத்தலின் விளைவை அடுத்த நூற்று நாற்பது ஆண்டுகள் சுமக்கப்போகின்றன என்பதை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்பு அந்த நிலப்பகுதியில் எல்லை என்பது வேறு பொருளில் வழங்கியது. 1820-களில் பர்மாவிடமிருந்து தெனாசெரிமைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள், 'உங்கள் எல்லை எது?' என்று சயாமியரைக் கேட்டபோது, பாங்காக் அரசவைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அது அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும் சங்கதி என்ற அளவில்தான் அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பேரரசருக்கு வேண்டியது சிற்றரசரின் விசுவாசம். அவர் அனுப்பும் பொன்மலரும் வெள்ளிமலரும். ஒரே சிற்றரசர் இரண்டு பேரரசர்களுக்குத் திறை செலுத்துவதும் உண்டு. கம்போடிய அரசர்கள் சயாமுக்கும் வியட்நாமுக்கும் திறை செலுத்தியே நெடுங்காலம் உயிர்பிழைத்தார்கள். கெடா சுல்தான் பாங்காக்குக்குப் பொன்மலர் அனுப்பிக்கொண்டே பினாங்குத் தீவை ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இத்தகைய உறவுகளைக் கோட்டால் வரைய முடியாது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்ற இரண்டே இடங்கள்தான் உண்டு.

மெக்கார்த்தியின் வேலை, கோடில்லாத இடத்தில் கோடு போடுவது. வடக்கே சியாங்மாயிலிருந்து லுவாங் பிரபாங்கைத் தாண்டி, பிற்காலத்தில் தியன் பியன் பூ எனப் புகழ்பெற்ற பள்ளத்தாக்கு வரையிலும் அவருடைய குழு அலைந்தது. சீனாவிலிருந்து வந்த 'ஹோ' கொள்ளைக் கூட்டத்தார் ஊர்களைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். அளவையாளர்களும் படைவீரர்களும் ஒரே காலத்தில் ஒரே மலைகளில் ஏறினார்கள். காய்ச்சல் பலரைக் கொன்றது. 1887 நவம்பரில் மெக்கார்த்தி லண்டனில் அரச புவியியல் கழகத்தில் தம் பயணங்களைப் பற்றி உரையாற்றினார். அதையொட்டி அச்சேறிய சயாம் நாட்டு வரைபடம்தான் நவீன முறையில் அளந்து வரையப்பட்ட அந்நாட்டின் முதல் படம்.

அந்தப் படத்தின் நகல் ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. மேக்கோங் ஆற்றின் இரு கரைகளும் சயாமுக்குள் இருக்கின்றன. இன்றைய லாவோஸின் பெரும்பகுதி உள்ளே. பட்டம்பாங், சியெம் ரியாப் ஆகியவையும் உள்ளே. அதாவது அங்கோர் வாட்டும் சயாமுக்குள். இன்று குண்டுகள் விழுகிற டாங்ரெக் மலைத்தொடர் நாட்டின் ஓரத்தில் இல்லை. நடுவே ஒரு சாதாரண மலையாகக் கிடக்கிறது. அங்கே எல்லையே இல்லை. அந்தப் படத்தில் கண்ணை ஓட்டும்போது ஒன்று தோன்றும்: அது இருந்ததைக் காட்டிய படமன்று, இருக்க வேண்டும் என்று அரசர் விரும்பியதைக் காட்டிய படம். தாய்லாந்து வரலாற்றாசிரியர் தோங்சாய் வினிச்சகுல் 1994-இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவியது இதைத்தான். நாடு முன்னே, படம் பின்னே என்றுதான் நாம் நினைக்கிறோம். சயாமில் படம் முன்னே வந்தது. நாடு அதன் அச்சில் வார்க்கப்பட்டது.

இதே காலத்தில் பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் தரப்பின் மெக்கார்த்தி என்று அகுஸ்த் பவீயைச் சொல்லலாம். 1886-இல் லுவாங் பிரபாங்கில் துணைத் தூதராக நியமிக்கப்பட்ட அவர், அளந்துகொண்டே அரசியலும் செய்தார். இரு தரப்பும் ஒரே மலைக்கு வெவ்வேறு நிறம் தீட்டிக்கொண்டிருந்தன. முடிவை மை தீர்மானிக்கவில்லை; 1893 ஜூலையில் சாவ் பிரயா ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து பாங்காக் வந்து நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் தீர்மானித்தன. மேக்கோங்கின் இடக்கரை முழுவதையும் சயாம் கைவிட்டது. 1904-இல் வலக்கரையின் சில பகுதிகள் போயின. 1907-இல் பட்டம்பாங், சியெம் ரியாப், சிசோபோன் போயின. பதிலாகத் திராட்டும் தான் சாயும் திரும்பக் கிடைத்தன. 1909-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை ஆங்கிலேயரிடம் சென்றன. மன்னர் தம் நாட்டைக் காத்துக்கொள்ள வரைவித்த படம், எதை எதை இழந்தோம் என்று கணக்குப் பார்க்கும் பேரேடாக மாறிப்போனது. 1930-களிலும் 1940-களிலும் தாய்லாந்துத் தேசியவாதிகள் பள்ளிச் சுவர்களில் மாட்டிய 'இழந்த நிலங்கள்' படங்களுக்கெல்லாம் தாய் அந்த 1888-ஆம் ஆண்டுப் படத்தின் உருவம்தான். அந்த உணர்ச்சியின் வேகத்தில்தான் 1941-இல் ஜப்பானின் துணையோடு பட்டம்பாங் முதலியவற்றைத் தாய்லாந்து மீட்டது. 1946-இல் திருப்பிக் கொடுத்தது.

இப்போது சர்ச்சைக்குரிய இரண்டாவது படத்துக்கு வருவோம். 1904 பிப்ரவரி 13-ஆம் நாள் ஒப்பந்தப்படி டாங்ரெக் மலையில் எல்லை நீர்ப்பிரிமுகட்டின் வழியே செல்ல வேண்டும். அதாவது மழைநீர் வடக்கே ஓடும் நிலம் சயாமுக்கு. தெற்கே ஓடும் நிலம் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு. இதை நிலத்தில் குறிக்க இரு நாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அளந்து படம் வரைய வேண்டிய கட்டம் வந்தபோது, தன்னிடம் போதிய வசதி இல்லையென்று சொல்லி, பிரெஞ்சு அதிகாரிகளே வரைந்து தருமாறு சயாம் கேட்டுக்கொண்டது. இருபதாண்டுகளுக்கும் மேலாக ஓர் அரச நில அளவைத் துறையை வைத்திருந்த நாடு இப்படிக் கேட்டது! மெக்கார்த்தி வளர்த்த துறை அப்போது உள்நாட்டு நிலப் பட்டாக்களுக்கான அளவையில் மூழ்கியிருந்தது என்பது ஒரு விளக்கம். விளக்கம் எதுவானாலும், எதிர்த்தரப்பின் கையில் பேனாவைக் கொடுத்தது சயாம்தான்.

பதினொரு படங்கள் 1907-இல் முடிந்து, 1908-இல் பாரிஸிலிருந்து பாங்காக் வந்துசேர்ந்தன. அவற்றில் டாங்ரெக் மலைப் படத்தில் எல்லைக் கோடு பிரியா விஹார் கோயிலுக்கு வடக்கே வளைந்து, கோயிலைக் கம்போடியப் பக்கம் விட்டிருந்தது.

அந்தக் கோயிலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வளைவின் கனம் புரியும். சிகரேசுவரர் என்ற பெயரில் சிவபெருமான் உறையும் கோயில் அது. முதலாம் சூரியவர்மன் காலத்தில், அதாவது தஞ்சையில் முதலாம் இராசேந்திரன் ஆண்ட அதே தலைமுறையில், அது பெரிதாக வளர்ந்தது. (காம்போச மன்னன் இராசேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது, அந்த மன்னன் இவனாகவே இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் துணிபு.) கோயில் நிற்பது 500 மீட்டருக்கும் உயர்ந்த செங்குத்துப் பாறையின் விளிம்பில். தெற்கே கம்போடியச் சமவெளி கால்களுக்குக் கீழே கிடக்கிறது. வடக்கே தாய்லாந்துப் பக்கம் சரிவு மென்மையானது. படிக்கட்டும் முன்வாசலும் அந்தப் பக்கமே பார்த்திருக்கின்றன. மழை பெய்தால் கோயில் வளாகத்து நீர் எந்தப் பக்கம் ஓடும்? பாறை விளிம்புதான் நீர்ப்பிரிமுகடு என்றால் கோயில் தாய்லாந்தைச் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் சொல் ஒரு பக்கம், படத்தின் கோடு மறு பக்கம்.

1959-இல் கம்போடியா இந்த வழக்கைத் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன் கம்போடியாவுக்காக வாதாடினார். தாய்லாந்துத் தரப்பில் முன்னாள் பிரதமர் சேனி பிரமோஜ். வழக்குச் செலவுக்காகத் தாய்லாந்து மக்கள் ஆளுக்கு ஒரு பாட் நன்கொடை அளித்தார்கள். 1962 ஜூன் 15-இல் ஒன்பதுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். மேலோட்டமாகப் பேசுபவர்கள் நினைப்பதுபோல, 'பிரெஞ்சுப் படம் சரியானது' என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தப் படம் பிறந்தபோது அதற்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. இரு நாட்டு ஆணையம் அதை ஏற்றதற்குச் சான்றில்லை என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. பிறகு எப்படி வலிமை வந்தது? சயாமின் நடத்தையால். படங்கள் வந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் மன்னரின் தம்பியான தாம்ரோங் இளவரசர். அவர் பிரெஞ்சுத் தூதருக்கு நன்றி தெரிவித்து, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுப்பதற்காக மேலும் பதினைந்து பிரதிகள் கேட்டார். எவரும் மறுப்புக் கூறவில்லை. 1930-இல் அதே தாம்ரோங் கோயிலைப் பார்க்கச் சென்றபோது, பிரெஞ்சு அதிகாரி தம் நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு அங்கே அவரை வரவேற்றார். இளவரசர் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஊர் திரும்பியபின் படங்களை அனுப்பி நன்றியும் தெரிவித்தார். 1934–35-இல் தாய்லாந்தே நடத்திய அளவையில் படக் கோட்டுக்கும் உண்மையான நீர்ப்பிரிமுகட்டுக்கும் வேறுபாடு தெரியவந்தது. அதன் பிறகும் கோயிலைக் கம்போடியாவில் காட்டும் படங்களையே தாய்லாந்து அச்சிட்டுவந்தது. பேச வேண்டிய இடத்தில், பேச முடிந்த நிலையில் பேசாதவர் ஒப்புக்கொண்டவராகவே கருதப்படுவார் என்ற இலத்தீன் வாசகம் ஒன்றைத் தீர்ப்பு எடுத்தாள்கிறது. மௌனம் சம்மதம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தத் தர்க்கம் புதிதன்று. எங்கள் ஊரில் இரண்டு பங்காளிகளுக்கு இடையே முப்பது ஆண்டுகள் ஓடிய வரப்புத் தகராறு ஒன்று உண்டு. புலப்படத்தில் கோடு நேராக இருந்தது; நிலத்தில் வரப்பு வளைந்திருந்தது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தால் ஒருவருக்கு ஆறு சென்ட் கூடும். ஆனால், வளைந்த வரப்பின் மேல்தான் இருவருடைய தந்தையரும் நடந்திருக்கிறார்கள். அதன் மேல் நின்ற பனையில் இருவரும் நுங்கு வெட்டியிருக்கிறார்கள். படமா, வழக்கமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஒரு விடை சொல்லலாம். ஊர்ப் பெரியவர் வேறு விடை சொல்லலாம். ஆனால், முப்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பக்கத்து நிலத்துக்கு விலை ஏறிய பிறகு சர்வேயரைக் கூப்பிடுபவரை ஊர் நம்புவதில்லை.

எனினும், 1962 தீர்ப்பின் தர்க்கத்தை மறுத்த மூன்று நீதிபதிகளையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சீனாவின் வெல்லிங்டன் கூ, ஆஸ்திரேலியாவின் பெர்சி ஸ்பெண்டர், அர்ஜென்டினாவின் மொரேனோ கின்டானா ஆகியோர் மாறுபட்டனர். 1908-இல் சயாம் எந்த நிலையில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தலைநகரத்து ஆற்றில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்து நின்றதைக் கண்ட அரசவை அது. அந்த வல்லரசு அனுப்பிய படத்தைத் திருப்பியனுப்பி 'கோடு தவறு' என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? எளியவனின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், 1934-க்குப் பிறகும் தொடர்ந்த மௌனத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. தீர்ப்பு சரி என்ற என் முடிவு அந்தப் பிந்தைய ஆண்டுகளை வைத்துத்தான்.

தாய்லாந்து தீர்ப்பை ஏற்றது; மனம் ஏற்கவில்லை. வீரர்கள் கோயிலை விட்டு இறங்கியபோது, கொடியை இறக்காமல் கம்பத்தோடு பெயர்த்துத் தூக்கிச் சென்றார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்தப் புண் மீண்டும் திறந்தது. 2011 வரை அவ்வப்போது சண்டை நடந்தது. 2013 நவம்பரில் சர்வதேச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புக்கு விளக்கம் அளித்து, கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கு உரியது என்றது. மேற்கே அடுத்திருக்கும் குன்றைப் பற்றியோ, எஞ்சிய எல்லையைப் பற்றியோ எதுவும் சொல்ல மறுத்தது.

இன்றைய சிக்கல் அந்த எஞ்சிய எல்லையில்தான் இருக்கிறது. கம்போடியாவின் வாதம் எளிது: ஒரு கோயிலுக்குப் பொருந்திய படம் முழு எல்லைக்கும் பொருந்த வேண்டும். தாய்லாந்தின் பதிலும் எளிது: அந்தப் படம் கரடுமுரடானது. இதில் கணக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் படத்தின் அளவுவிகிதம் இரண்டு லட்சத்துக்கு ஒன்று. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 200 மீட்டர். எல்லைக் கோட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதற்குள் 100 மீட்டர் அகல நிலம் மறைந்துகிடக்கும். தா முவென் தோம் கோயிலின் பிராகாரம் முழுவதும் அந்தக் கோட்டின் மைக்குள் அடங்கிவிடும்! தாய்லாந்து பயன்படுத்தும் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுவிகிதப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் 50 மீட்டர்தான். துல்லியத்தில் அது மேல். ஆனால், துல்லியமான படம் வேறு, இருவரும் ஒப்புக்கொண்ட படம் வேறு. தாய்லாந்து தானே வரைந்து தானே ஒப்பமிட்ட படத்தைக் கம்போடியா ஏன் ஏற்க வேண்டும்?

தாய்லாந்தின் பழைய அளவைப் படங்களுக்கு அடிப்படையான ஆயமுறையின் பெயரே 'இந்தியன் 1975'. பூமியின் வடிவத்துக்கு அது எடுத்துக்கொண்டது 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த நீள்வட்டக் கோளம். லாம்ப்டன் தென்னிந்தியாவில் தொடங்கிய அளவையின் பலன். டாங்ரெக் மலையில் இன்று எல்லைக்காகச் சாகும் வீரர்களின் கையிலிருந்த பழைய படங்களில் பரங்கிமலைச் சங்கிலியின் நிழல் விழுந்திருந்தது என்பதை நினைக்கும்போது எனக்குச் சற்று வியப்பும் சற்று வருத்தமும் உண்டாகின்றன.

இரு நாடுகளும் 2000-ஆம் ஆண்டில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1904, 1907 ஒப்பந்தங்களையும் அவற்றின்படி வரையப்பட்ட படங்களையும் கொண்டு எல்லையைக் கூட்டாக அளப்பது, அது முடியும்வரை எல்லைப் பகுதியின் தோற்றத்தை மாற்றும் எந்தச் செயலிலும் இறங்காமல் இருப்பது என்பவை அதன் சாரம். அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வேண்டும் என்ற குரல் இப்போது தாய்லாந்து அரசியலில் ஓங்கி ஒலிக்கிறது. பிரெஞ்சுப் படத்தை மறைமுகமாக ஏற்றுக்கொள்கிறது என்பது அந்தக் குரலின் குற்றச்சாட்டு. கம்போடியாவோ தா முவென் தோம், தா முவென் தோச், தா கிரபெய் ஆகிய மூன்று கோயில்களையும் மூன்று நாட்டு எல்லைகள் கூடும் மோம் பெய் பகுதியையும் சர்வதேச நீதிமன்றத்துக்கே கொண்டுசெல்ல விரும்புகிறது. அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பைத் தாய்லாந்து ஏற்பதில்லை. ஒருவர் நீதிமன்றம் என்கிறார். மற்றவர் இருதரப்புப் பேச்சு என்கிறார். இடையில் பீரங்கி பேசுகிறது.

என் பார்வையில் இருவருமே தங்களுக்கு வசதியான இடத்தில் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். கம்போடியாவுக்கு வரலாறு 1907-இல் தொடங்குகிறது. தன்னை அடிமைப்படுத்தியவர்கள் வரைந்த கோட்டை அது புனிதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறிய நாட்டுக்கு வேறு கவசம் இல்லை என்பதை உணர்கிறேன். குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற எல்லைகளை அப்படியே ஏற்பது என்ற நெறி, ஆப்பிரிக்கா முதல் ஆசியா வரை எத்தனையோ போர்களைத் தடுத்திருக்கிறது. தாய்லாந்துக்கு வரலாறு 1888-இல் தொடங்குகிறது. மெக்கார்த்தியின் படத்திலிருந்து குறைந்ததெல்லாம் இழப்பு. ஆனால், அந்தப் படத்துக்குள் லாவோ மக்களும் கெமர் மக்களும் மலாய் மக்களும் தங்களைக் கேளாமலேயே அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதைப் பாங்காக் நினைத்துப் பார்ப்பதில்லை. அதிலே சயாம் ஏகாதிபத்தியத்தின் பலியாடு மட்டுமன்று. சிறிய அளவில் அதுவும் ஓர் ஏகாதிபத்தியந்தான்.

கோயில்களின் பெயரால் இந்தச் சண்டை நடப்பது நம்மவருக்கு உறுத்தும் செய்தி. கடந்த டிசம்பரில் எல்லையில் ஒரு விஷ்ணு சிலை இயந்திரத்தால் இடிக்கப்பட்ட காட்சி பரவியபோது இந்திய வெளியுறவு அமைச்சகம் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் நியாயமானது. ஆனால், இதை மதச் சண்டையாகச் சித்திரிக்க முயன்றவர்கள் இரு நாடுகளும் தேரவாத பௌத்த நாடுகள் என்பதை மறந்துவிட்டார்கள். தா முவென் தோமின் கருவறையில் இருப்பது பாறையிலேயே அமைந்த சுயம்பு லிங்கம். எல்லைக் கோட்டின் இரு பக்கத்து ஊர்மக்களும் அங்கு வணங்கிவந்திருக்கிறார்கள். சுரின், சிசாகெட், புரிராம் மாகாணங்களின் தாய்லாந்துக் குடிமக்களில் பலர் வீட்டில் பேசும் மொழியே கெமர். ஜூலையிலும் டிசம்பரிலும் பதுங்குகுழிகளில் ஒடுங்கியவர்கள் அவர்களே.

இந்தியாவுக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. இந்தியாவும் வங்கதேசமும் ஒன்றன் நிலத்துக்குள் மற்றொன்றின் சிறு திட்டுகளாகச் சிதறிக்கிடந்த 162 பகுதிகளை 2015-இல் பரிமாறிக்கொண்டன. கணக்குப்படி இந்தியா பெற்றதைவிடக் கொடுத்த நிலமே அதிகம். அங்கு வாழ்ந்தவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 1974-இல் கையெழுத்தான ஒப்பந்தம் நிறைவேற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதும் உண்மை. பல அரசுகளுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்ற பழிச்சொல்லை எதிர்கொள்ளும் துணிவு இல்லாதிருந்தது. ஹுன் குடும்பம் ஆளும் நோம்பென்னிலும், படைத்தலைவர்களின் செல்வாக்கு ஓங்கிய பாங்காக்கிலும் அந்தத் துணிவு எளிதில் வராது. எல்லைச் சண்டை இரு தலைநகரங்களிலும் உள்நாட்டுக் கேள்விகளைத் தள்ளிப்போட உதவுகிறது.

நடக்கக்கூடிய வேலை வேறொன்று இருக்கிறது. அது செய்திகளில் இடம்பெறுவதில்லை. சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நில எல்லையில், சோங் சா-ங்காம் கணவாயிலிருந்து திராட் கடற்கரை வரை நூறாண்டுகளுக்கு முன் 73 எல்லைக்கற்கள் நடப்பட்டன. அதற்குக் கிழக்கே, பிரியா விஹார் உள்ளிட்ட ஏறத்தாழ 195 கிலோமீட்டருக்குக் கல்லே இல்லை. பாறை விளிம்பே எல்லை எனத் தெரிகிறதே, கல் எதற்கு என்று அன்று விட்டுவிட்டார்கள். நட்ட கற்களில் சில இடம்பெயர்ந்தன, சில காணாமற்போயின. இரு நாடுகளின் கூட்டு எல்லை ஆணையம் இந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடி, பாதிக்கும் மேற்பட்டவற்றின் இடத்தில் உடன்பாடு கண்டிருக்கிறது. லேசர் கதிர்களைக் கொண்டு வானிலிருந்து நிலத்தை அளக்கும் லைடார் முறையைப் பயன்படுத்தவும் பேசியிருக்கிறார்கள். காடு மறைத்தாலும் தரையின் ஏற்றத்தாழ்வைச் சில அங்குலத் துல்லியத்தில் அது காட்டும். 1904 ஒப்பந்தம் சொன்ன நீர்ப்பிரிமுகடு எங்கே ஓடுகிறது என்பதை அந்த ஒப்பந்தம் எழுதியவர்களால் கண்டிருக்க முடியாது. இன்று காண முடியும். அப்படிக் கிடைக்கும் கோடு சில இடங்களில் தாய்லாந்துக்கும் சில இடங்களில் கம்போடியாவுக்கும் பாதகமாக அமையும் என்பதில்தான் இரு தரப்பின் தயக்கமும் இருக்கிறது.

டிசம்பர் போர்நிறுத்தத்துக்குப் பின், ஜூலை முதல் தாய்லாந்தின் பிடியில் இருந்த கம்போடிய வீரர்கள் பதினெட்டுப் பேர் ஆண்டின் கடைசி நாளில் விடுவிக்கப்பட்டார்கள். அளவையாளர்கள் மலையேற வேண்டுமானால் முதலில் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டும். மெக்கார்த்தியின் ஆட்களைக் கொன்றது காட்டுக் காய்ச்சல். இன்று அதே தொழிலுக்காகக் காட்டுக்குள் போகிறவர்கள் முன்னே வெடி தேடுவோரை அனுப்பிவிட்டு, அவர்கள் தரையில் இட்ட குறிகளின் மேல் அடியெடுத்து வைத்துத்தான் அடுத்த எல்லைக்கல்லை அடைய முடியும்.